பழைய வாக்கும் புதிய கோடும்

2009 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் நேருக்கு நேர் நின்ற இரண்டு முக்கிய வேட்பாளர்களும் அதுவரை வேறு தொகுதிகளின் எம்.பி.க்களாக இருந்தவர்கள். தி.மு.க.வின் டி.ஆர்.பாலு 1996 முதல் தொடர்ந்து நான்கு தேர்தல்களில் தென்சென்னையில் வென்றவர். பா.ம.க.வின் ஏ.கே.மூர்த்தி 1999, 2004 இரண்டு தேர்தல்களிலும் செங்கல்பட்டில் வென்றவர். 2004இல் இருவரும் ஒரே கூட்டணியின் மேடையில் நின்று வாக்குக் கேட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் எதிரெதிர் அணிக்குப் போனது அரசியல். இருவரும் ஒரே தொகுதிக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு வரைபடமும் காரணம்.

2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை ஆணை, தாம்பரத்தையும் ஆலந்தூரையும் தென்சென்னையிலிருந்து எடுத்து ஸ்ரீபெரும்புதூரில் வைத்தது. செங்கல்பட்டு என்ற மக்களவைத் தொகுதி இல்லாமல் போனது. தனித் தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் பொதுத் தொகுதியானது. புதிதாக வந்த காஞ்சிபுரம் தனித் தொகுதியானது. பாலு தன் பழைய தொகுதியின் தெற்குப் பாதியோடு சேர்ந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் வென்றார். அவர் விட்டுப் போன தென்சென்னையில் அ.தி.மு.க.வின் சி.ராஜேந்திரன் வென்றார்.

அப்படியானால் தி.மு.க. தென்சென்னையை ‘இழந்தது’ என்று எழுதலாமா? 2004இல் அந்தக் கட்சி வென்ற தென்சென்னையில் தாம்பரமும் ஆலந்தூரும் இருந்தன. 2009இல் தோற்ற தென்சென்னையில் வேளச்சேரி, சோழிங்கநல்லூர், விருகம்பாக்கம் என்ற புதிய சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. பெயர் ஒன்று, மக்கள் வேறு. ‘இழந்தது’ என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: 2004இல் விழுந்த அதே வாக்குகளை 2009இன் கோடுகளுக்குள் கூட்டிப் பார்த்தால் யார் முன்னே வந்திருப்பார்? இந்த அத்தியாயம் அந்தக் கூட்டலைப் பற்றியது. அதில் எவ்வளவு துல்லியமான கணக்கு, எவ்வளவு மதிப்பீடு, எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது.

கோடுகள் ஏன் மாறின என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அவசரநிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கோடு உறையவைத்தது. பின்னால் வந்த 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026 வரை நீட்டியது. எண்ணிக்கையைத் தொடாமல் மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் சரிசெய்ய வழிவிட்டதால், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தது. தமிழ்நாட்டின் 234ஐயும் 39ஐயும் அது மாற்றவில்லை. மாநிலத்தின் 6.24 கோடி மக்களை 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2.67 லட்சம் பேர். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது மிக வீங்கிப் போயிருந்த தொகுதிகளில் ஒன்று தாம்பரம். 1970களில் கோடு போட்டவர்களுக்கு அது ரயில் நிலையமும் விமானப்படைத் தளமும் அவற்றைச் சுற்றி ஏரிகளும் வயல்களும் உள்ள புறநகர். முப்பது ஆண்டுகளில் அந்த வயல்களின் மீது நகர்கள் எழுந்துவிட்டன. 2008 ஆணையில் பல்லாவரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி என்று தென்புறத்தில் புதிய பெயர்கள் வந்தன. தாம்பரம் சிறுத்து, தாம்பரம் நகராட்சி, பெருங்களத்தூர், பீர்க்கங்கரணை, செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் என்ற வட்டத்துக்குள் அடங்கியது.

2006 சட்டமன்றத் தேர்தலில் பழைய, பெரிய தாம்பரத்தில் தி.மு.க.வின் எஸ்.ஆர்.ராஜா வென்றார். 2011இல் புதிய கோடுகளுக்குள் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் தாம்பரத்தில் டி.கே.எம்.சின்னையா, பல்லாவரத்தில் ப.தன்சிங், சோழிங்கநல்லூரில் கே.பி.கந்தன், வேளச்சேரியில் எம்.கே.அசோக் என நான்கு இடங்களிலும் அ.தி.மு.க. வென்றது. ஆலந்தூர் அதன் கூட்டணியில் இருந்த தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரனுக்குப் போனது. 2006க்கும் 2011க்கும் இடையில் இந்தப் பகுதியில் இரண்டு மாற்றங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நடந்திருக்கின்றன. வாக்காளர் மனம் மாறியது, கோடும் மாறியது. இரண்டையும் பிரித்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும்.

பிரிக்கும் வழி எளிமையானது. மூன்று நிலைகளை எழுதிக்கொள்ளுங்கள். பழைய கோட்டுக்குள் பழைய வாக்கு: இது 2006இன் முடிவு, கையில் இருக்கிறது. புதிய கோட்டுக்குள் புதிய வாக்கு: இது 2011இன் முடிவு, இதுவும் கையில் இருக்கிறது. நடுவில் புதிய கோட்டுக்குள் பழைய வாக்கு என்று ஒன்று உண்டு. அது எந்த அரசிதழிலும் இல்லை. நாம்தான் கணக்கிட வேண்டும். முதல் நிலையிலிருந்து நடு நிலைக்குப் போகும்போது தெரியும் வேறுபாடு கோட்டின் வேலை. நடு நிலையிலிருந்து கடைசி நிலைக்குப் போகும்போது தெரிவது மக்களின் வேலை. இந்த நடு நிலையை மறுகணக்கு என்று அழைப்போம்.

மறுகணக்குக்கு இந்தியாவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இங்கே வாக்குகள் பூத் பூத்தாக எண்ணப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் நடந்தது. ஒவ்வொரு பூத்தின் இயந்திரமும் தன் எண்ணிக்கையைத் தனியே சொல்லிவிடும். எண்ணும் மேசையில் ஏஜென்ட்கள் குறித்துக்கொள்ளும் அந்த எண்கள் முடிவில் படிவம் 20 என்ற நீண்ட அட்டவணையில் ஏறுகின்றன. ஒரு வரிசைக்கு ஒரு வாக்குச்சாவடி; ஒரு நெடுவரிசைக்கு ஒரு வேட்பாளர்; கடைசியில் தபால் வாக்குகள்; அதற்கும் கீழே மொத்தம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அந்த மொத்தத்தை மட்டும். மனைக்கட்டுகள் போடும் தென்புறநகரில் ஒரு கிரவுண்டு வாங்குகிறவர்கூட முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். எத்தனை முறை உட்பிரிவு செய்தாலும் மனையின் கதை அதிலிருந்துதான் தொடங்கும். ஒரு தொகுதிக்கு அப்படிப்பட்ட ஆவணம் படிவம் 20.

பூத் எண்ணுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அது எந்த ஊர், எந்த வார்டு, எந்தெந்தத் தெருக்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி என்ற விவரம் இருக்கும். மறுவரையறை ஆணையோ தெருக்களைப் பேசாது. தாலுகா, வருவாய்க் கிராமம், பேரூராட்சி, நகராட்சி, 2001 கணக்கெடுப்பின் வார்டு என்ற அளவில்தான் அது பேசும். சோழிங்கநல்லூர் தொகுதியை அது தாம்பரம் தாலுகாவின் ஒரு பகுதியாக, ஊர்ப்பெயர்களை அடுக்கித்தான் விவரிக்கிறது. ஆக, வேலை இதுதான்: 2006இன் ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்தையும் எடுத்து, அதன் தெருக்கள் எந்தக் கிராமத்தில், எந்த வார்டில் விழுகின்றன என்று கண்டு, அந்தக் கிராமம் ஆணையின்படி எந்தப் புதிய தொகுதிக்குப் போனது என்று எழுதி, அதன் வாக்குகளைப் புதிய கணக்கில் சேர்ப்பது.

கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து செய்தால் கண் வலிக்கும். பல படிவங்கள் கையால் எழுதி ஸ்கேன் செய்த தாள்கள். பாக எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஒரு பூத்தில் வாக்காளர் பெருகினால் துணை வாக்குச்சாவடி முளைக்கும், அடுத்த பட்டியலில் அதற்குத் தனி எண் வந்துவிடும், அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போகும். தென்புறநகரில் ஊர்களின் நிர்வாகப் பெயரே நிலையாக இருந்ததில்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது ஆலந்தூர், பெருங்குடி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் 200 வார்டுகளுக்குள் கரைந்தன. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சியாயின. நடுவில் 2019இல் மாவட்டமே காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு ஆனது. எனவே ‘12ஆவது வார்டு’ என்று ஒரு தாளில் இருந்தால், எந்த ஆண்டின், எந்த உள்ளாட்சியின் 12 என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, பரப்பளவை வைத்துப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். பழைய தொகுதியின் நிலத்தில் 40 விழுக்காடு புதிய தொகுதிக்குப் போயிருந்தால் வாக்கிலும் 40 விழுக்காட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது அந்த யோசனை. நிலப்பட மென்பொருளில் இது ஒரு சொடுக்கு வேலை. மக்கள் சமமாகப் பரவியிருக்கும் நாட்டில் இது ஓரளவு பலிக்கலாம். தாம்பரத்தைச் சுற்றி இது பலிக்கவே பலிக்காது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். அங்கே நாரையும் நீர்க்கோழியும் உண்டு, வாக்காளர் கிடையாது. சதுப்பின் மேற்குக் கரையை ஒட்டி வேளச்சேரி–தாம்பரம் சாலையில் அடுக்குமாடிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. நன்மங்கலம் காப்புக்காடு, மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், திரிசூலத்துக் குன்றுகள், மாடம்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி என்று இந்தப் பகுதியில் நிலத்தின் பெரும் துண்டுகள் ஆளில்லாதவை. ஒரு வருவாய்க் கிராமத்தின் பாதி ஏரியாக இருந்து, எல்லைக்கோடு அந்த ஏரியை ஒட்டிப் போனால், நிலத்தில் பாதி போனதே தவிர ஒரு வாக்குகூடப் போகவில்லை.

இதைச் சரிசெய்யப் புவியியலாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மக்கள் குடியிருக்க முடியாத இடங்களை முதலில் படத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்ச நிலத்தில் மட்டும் வாக்குகளைப் பரப்புவது. முடிந்தால் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கட்டடங்களின் அடர்த்தியைக் கொண்டு எடைபோடுவது. நல்ல முறைதான். ஆனால் கட்டடத்தைப் பார்த்து வாக்காளரைக் கணிப்பதிலும் சிக்கல் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையோரக் கண்ணாடிக் கட்டடங்களில் பகலில் பல்லாயிரம் பேர் இருப்பார்கள், பட்டியலில் ஒருவரும் இருக்கமாட்டார். அதே சாலையிலிருந்து சற்று உள்ளே, கண்ணகி நகரின் சின்னச் சின்ன வீடுகளில் பட்டியல் நிரம்பி வழியும். தெருப்பெயர் தாங்கிய பாகத்தின் முதல் பக்கத்துக்கு இணையான ஆதாரம் வேறு இல்லை.

கோடு பூத்தின் நடுவே போனால் என்ன செய்வது? உண்மையான மதிப்பீடு இங்கேதான் தொடங்குகிறது. கிராமத்தை முழுதாக எடுத்து ஆணை பிரித்திருக்கும் இடங்களில் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் ஒரு பாகத்தில் இரண்டு வார்டின் தெருக்கள் கலந்திருந்தால் வரும். கற்பனையாக ஒரு பூத்தை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 900 வாக்கு. ‘அ’ கட்சிக்கு 500, மற்றவர்களுக்கு 400. புதிய கோட்டுக்கு மேற்கே 300 வாக்காளர், கிழக்கே 600. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று தெரியாது. வழக்கமான மதிப்பீடு விகிதப்படி பிரிக்கும்: மேற்கே ‘அ’வுக்கு ஏறத்தாழ 167, கிழக்கே 333. இரண்டு பக்கத் தெருக்களும் ஒரே மனம் கொண்டவை என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த நம்பிக்கை இல்லாமலே சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. 1953இல் டட்லி டங்கன், பெவர்லி டேவிஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இதை ஒரு சிறு கட்டுரையில் காட்டினார்கள். மேற்கே இருப்பதே 300 பேர்; ஆகவே ‘அ’வுக்கு அங்கே 300க்கு மேல் போக முடியாது. மற்றவர்களுக்கு 400 வாக்கு இருப்பதால் மேற்கின் 300ம் அவர்களுடையதாக இருக்கவும் வழியுண்டு. ஆகவே ‘அ’வின் குறைந்தபட்சம் 0. பூஜ்யத்திலிருந்து 300 வரை என்றால் ஒன்றும் தெரியாது என்றுதான் பொருள். ஆனால் அதே பூத்தில் ‘அ’வுக்கு 800, மற்றவர்களுக்கு 100 என்றிருந்தால்? மற்றவர்களின் 100ம் மேற்கிலேயே குவிந்தாலும் ‘அ’வுக்கு அங்கே குறைந்தது 200 இருந்தாக வேண்டும். எந்த ஊகமும் இல்லாமல், வெறும் கழித்தலால், வெற்றி யாருக்கு என்று உறுதியாகிவிட்டது. ஒருபக்கமாகச் சாய்ந்த பூத்கள் தம்மைத் தாமே வெளிப்படுத்திக்கொள்கின்றன. சரிபாதியாகப் பிளந்த பூத்கள்தான் வாயை மூடிக்கொள்கின்றன.

இந்த எல்லைக்கணக்கை ஒரு தொகுதி முழுவதற்கும் நீட்டினால் மறுகணக்கின் பலம் தெரியும். 4 லட்சம் வாக்காளர் கொண்ட தொகுதியில், பூத்துக்கு ஆயிரம் பேர் என்று வைத்தால் 400 பூத்கள். அவற்றில் 388 முழுதாகப் புதிய தொகுதிக்குள் வருகின்றன, 12 மட்டும் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று கொள்வோம். முழு பூத்களில் ‘அ’ 6,000 வாக்கு முன்னிலை. 12 பூத்களிலும் புதிய தொகுதிக்குள் விழும் பகுதி தலா 300 வாக்கு. மிக மோசமான நிலையில், அந்த 3,600ம் எதிராளிக்கே போய்விட்டன என்று வைத்துக்கொண்டாலும் ‘அ’ 2,400 வாக்கில் முன்னே நிற்கிறது. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிட்டு முடிவைச் சொல்லிவிடலாம். முன்னிலை ஆயிரம், இரண்டாயிரம் என்று குறுகும்போதுதான் விகிதமும் ஊகமும் தேவைப்படுகின்றன. அப்போது ‘அ’ வென்றிருக்கும் என்று எழுதாமல், இழுபறி என்று எழுதுவதே நேர்மை.

தபால் வாக்குக்கு இடம் கிடையாது. அது பூத்தில் விழுவதில்லை, தொகுதிக்கு மொத்தமாக எண்ணப்படுகிறது. பூத் வாக்குகள் எந்த விகிதத்தில் புதிய தொகுதிகளுக்குப் பிரிந்தனவோ அதே விகிதத்தில் இதையும் பிரித்துவிடுவது வழக்கம். அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பக்கத்துக்கு இது சற்றே அநியாயம் செய்யும், ஆனால் எண்ணிக்கை சிறியது.

பிரிட்டனில் இதே வேலையைச் செய்கிறவர்களை நினைத்தால் நம் படிவம் 20இன் அருமை புரியும். அங்கே வாக்குச்சீட்டுப் பெட்டிகளைத் திறந்ததும் ஒரு பெட்டியின் சீட்டுகளை இன்னொன்றின் சீட்டுகளோடு கலந்துதான் எண்ண வேண்டும் என்பது விதி. எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பதே நோக்கம். தொகுதியின் மொத்தத்துக்குக் கீழே நாடாளுமன்றத் தேர்தலுக்கு எந்த எண்ணும் வெளிவருவதில்லை. எல்லை மாறும்போது காலின் ராலிங்ஸ், மைக்கேல் த்ராஷர் என்ற இரு அறிஞர்கள் நீண்ட காலமாக ஒரு சுற்றுவழியில் போகிறார்கள். உள்ளாட்சித் தேர்தல் முடிவு வார்டு வாரியாகக் கிடைக்கும். ஒரு தொகுதிக்குள் இருக்கும் வார்டுகளில் கட்சிகளின் உள்ளாட்சி வாக்கு எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்து, அதே சாயலில் நாடாளுமன்ற வாக்கை வார்டுகளுக்குப் பகிர்ந்து, வார்டுகளைக் கூட்டினால் பழைய தொகுதியின் உண்மையான முடிவு வருமாறு மறுபடி மறுபடி சரிசெய்து, பிறகு வார்டுகளைப் புதிய கோட்டுக்குள் கூட்டுகிறார்கள். வரிசைக் கூட்டலும் நெடுவரிசைக் கூட்டலும் ஒத்துப்போகும் வரை எண்களை மாறி மாறித் திருத்தும் இந்த உத்தியை டெமிங், ஸ்டீபன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1940இல், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தேவைக்காக எழுதிவைத்தார்கள். மக்கள் உள்ளாட்சியில் ஒரு மாதிரியும் நாடாளுமன்றத்துக்கு வேறு மாதிரியும் வாக்களிப்பார்கள். எல்லாக் கட்சிகளும் எல்லா வார்டிலும் நிற்பதில்லை. ஆகவே அவர்களுடைய எண் முழுக்க முழுக்க மதிப்பீடு. 2024 ஜூலைத் தேர்தலுக்கு முன் அந்த மதிப்பீடு சொன்னது: 2019இல் கன்சர்வேடிவ் கட்சி வென்ற 365 இடங்கள் புதிய கோடுகளுக்குள் 372 ஆகியிருக்கும், லிபரல் டெமாக்ரட்டுகளின் 11 இடங்கள் 8ஆகச் சுருங்கியிருக்கும். ஒருவரும் வாக்கை மாற்றவில்லை, இடங்கள் மட்டும் நகர்ந்தன. தேர்தல் இரவில் தொலைக்காட்சிகள் ஒரு தொகுதியைத் ‘தக்கவைத்தார்கள்’, ‘பறித்தார்கள்’ என்று சொன்னதெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான். கனடாவில் தேர்தல் அமைப்பே பழைய வாக்குகளைப் புதிய தொகுதிகளுக்குப் பெயர்த்து அதிகாரபூர்வமாக வெளியிடுகிறது. நம்மிடம் அவர்களில் பலரைவிட நுணுக்கமான மூலத்தரவு இருக்கிறது, அந்தக் கூட்டலைப் பொதுவில் வைக்கும் வழக்கம்தான் இல்லை. கட்சி அலுவலகங்களில் தொகுதிப் பங்கீட்டுக்கு முந்தைய இரவுகளில் அது நடக்கிறது.

மறுகணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை. விழுந்த வாக்கு இதுவே, கோடு மட்டும் வேறு என்றால் கூட்டல் என்ன? ‘2006இலேயே புதிய கோடு இருந்திருந்தால் யார் வென்றிருப்பார்’ என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தக் கணக்கில் விடை இல்லை. கோடு வேறாக இருந்திருந்தால் வேட்பாளர் வேறாக இருந்திருப்பார். பெரிய தாம்பரத்தில் ஒரே ஒருவருக்குக் கிடைத்த சீட்டு மூன்று, நான்கு பேருக்குக் கிடைத்திருக்கும். அதில் ஒன்றைக் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்திருப்பார்கள். சின்னம் மாறினால் வாக்கு மாறும்.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய தடை கூட்டணி. 2006இல் தே.மு.தி.க. தனித்து நின்று ஏறத்தாழ 8 விழுக்காடு வாக்கு வாங்கியது. 2011இல் அது அ.தி.மு.க. அணியில். இடதுசாரிகள் 2006இல் தி.மு.க. பக்கம், 2011இல் அந்தப் பக்கம். விடுதலைச் சிறுத்தைகள் அதற்கு நேர்மாறு. ம.தி.மு.க. 2006இல் அ.தி.மு.க. அணி, 2011இல் தேர்தலையே புறக்கணித்தது. 2006இன் பூத் வாக்கைப் புதிய கோட்டுக்குள் கூட்டிய பிறகும் அதை 2011ஓடு எப்படி ஒப்பிடுவது? கட்சிக்குக் கட்சி ஒப்பிட முடியாது, ஏனென்றால் ஒரே தொகுதியில் இரண்டு தோழமைக் கட்சிகள் நிற்பதில்லை. அணிக்கு அணி ஒப்பிடலாம், ஆனால் அணியில் இருக்கும் ஆட்களே வேறு. 2011இன் அணிகளை 2006க்குத் திரும்ப எடுத்துப்போய், தே.மு.தி.க.வின் வாக்கை அ.தி.மு.க. வாக்கோடு கூட்டுவது சிலர் செய்யும் வேலை. அது இன்னொரு ஊகம். கட்சித் தலைவர்கள் கைகோத்தால் தொண்டர்களின் வாக்கு முழுதாக மாறும் என்ற ஊகம். பூத் கமிட்டியில் வேலை பார்த்த யாரும் அதை முழுதாக நம்பமாட்டார்கள். என் கருத்தில், மறுகணக்கை எழுதும்போது கோட்டின் ஊகத்தையும் கூட்டணியின் ஊகத்தையும் இரண்டு தனி வரிகளில் எழுத வேண்டும். ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு எந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

மூன்றாவது தடை, இந்தப் பகுதிக்கே உரியது. இதுவரை கோடு மக்களைத் தாண்டிப் போனதைப் பேசினோம். தென்புறநகரில் மக்களும் கோட்டைத் தாண்டி வந்துகொண்டே இருந்தார்கள். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்த குடும்பங்கள் 2000த்தை ஒட்டிக் கண்ணகி நகருக்கும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், அதன்பின் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து இறக்கப்பட்டன. ஐ.டி. வேலைக்கு மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் மேடவாக்கத்திலும் கோவிலம்பாக்கத்திலும் பிளாட் வாங்கினார்கள். 2006இல் இவர்களுடைய வாக்கு வேறெங்கோ விழுந்தது. சோழிங்கநல்லூரின் 2006 மறுகணக்கு, 2006இல் அந்த நிலத்தில் இருந்தவர்களின் மனத்தைச் சொல்லும். 2011இல் அங்கே வரிசையில் நின்றவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். 2001 கணக்கை வைத்து ஏறத்தாழ சமமாக வெட்டப்பட்ட அந்தத் தொகுதியில் 2021இல் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள், மாநிலத்திலேயே அதிகம். அதே தேர்தலில் துறைமுகம், கீழ்வேளூர் தொகுதிகளில் 2 லட்சம்கூட இல்லை. கோடு போட்ட மை காய்வதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையே இல்லை. ஆணை வந்தபோதே அந்தக் கணக்குக்கு ஏழு வயது.

ஒரு குறுக்குச் சோதனை இந்தியாவில் கைவசம் இருக்கிறது, பிரிட்டனில் அது இல்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மக்களவைத் தொகுதியும் சரியாக ஆறு முழுச் சட்டமன்றத் தொகுதிகளால் ஆனது. மக்களவை வாக்கும் சட்டமன்றத் தொகுதி வாரியாகவே எண்ணி வெளியிடப்படுகிறது. 2009 மக்களவைத் தேர்தல் புதிய கோடுகளுக்குள் நடந்ததால், 2011க்கு இரண்டு ஆண்டு முன்பே தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் ஒவ்வொன்றிலும் யாருக்கு எத்தனை என்ற உண்மையான எண் வந்துவிட்டது. மறுகணக்கு செய்தவர் தன் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நம் மக்கள் வேறு வேறாக வாக்களிப்பார்கள் என்பதால் மொத்த அளவு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் மூன்றில் எது ஒரு கட்சிக்கு அதிகம் சாய்வு, எது குறைவு என்ற வரிசை பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும். வரிசையே தலைகீழாக இருந்தால் ஏதோ ஒரு பாகம் தவறான தொகுதியில் விழுந்திருக்கிறது. திரும்பப் போய்த் தேட வேண்டும்.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம்? 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பை வைத்து மறுபடியும் கோடு போடலாம் என்பது இன்றைய அரசியலமைப்பின் நிலை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்ற தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. மாநிலங்களுக்கு எத்தனை இடம் என்ற பெரிய சண்டை தனி. அது எப்படி முடிந்தாலும் சோழிங்கநல்லூர் இப்போதுள்ளபடி நீடிக்க வழியில்லை. அப்போது யாராவது ஒரு கட்சி ‘எங்கள் கோட்டையை வெட்டிவிட்டார்கள்’ என்று சொல்லும். இன்னொரு கட்சி இல்லை என்று சொல்லும். அதைத் தீர்க்க மேடைப் பேச்சு போதாது; 2016, 2021, 2026 வாக்குகளைப் புதிய கோட்டுக்குள் கூட்டிக் காட்ட வேண்டும். ஆணையத்தின் வரைவு வெளிவந்து மக்கள் கருத்துச் சொல்லும் அந்தச் சில வாரங்களுக்குள் தாம்பரத்துக் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்றால்கூட அதைச் செய்ய முடிய வேண்டும் என்பது என் ஆசை.

இதற்கு எதிரே ஒரு நியாயமான கவலையும் நிற்கிறது. பூத் வாரியாக முடிவு தெரிந்தால், எந்தக் குடியிருப்பு தனக்கு வாக்களிக்கவில்லை என்று வென்றவருக்குத் தெரிந்துவிடும்; தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வரும், எதற்கு வராது என்பது அதனால் தீர்மானமாகலாம். தேர்தல் ஆணையம் 2008இல் பல இயந்திரங்களின் வாக்கைச் சேர்த்தே காட்டும் கூட்டுக் கருவி ஒன்றை முன்மொழிந்தது; சட்ட ஆணையம் 2015இல் அதை ஆதரித்தது; இன்னும் அது நடைமுறைக்கு வரவில்லை. பெரும்பாக்கத்துக் குடும்பத்தின் பாதுகாப்பையும் என் கணக்கின் துல்லியத்தையும் எதிரெதிரே வைத்தால் நான் பாதுகாப்பின் பக்கம்தான் நிற்பேன். அந்தக் கருவி பதினான்கு பூத்களைச் சேர்த்து எண்ணினாலும் டங்கன்–டேவிஸ் எல்லைக்கணக்கு வேலை செய்யும். விடை சற்றே அகலமாக வரும், அவ்வளவுதான். சேர்க்கும் பூத்கள் ஒரே வார்டுக்குள், ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அந்த அகலமும் குறையும்.

செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. ஒவ்வொரு தேர்தலுக்கும் படிவம் 20ஐ எண்களைத் தேடக்கூடிய கோப்பாக வெளியிட வேண்டும்; ஸ்கேன் செய்த தாள் போதாது. அதே பாக எண்ணைத் தாங்கிய முதல் பக்கத்தை, அதாவது தெருக்களின் பட்டியலையும் பாகத்தின் எல்லைப் படத்தையும், அடுத்த பட்டியல் திருத்தம் வந்த பிறகும் தளத்திலிருந்து எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். முன்னது இல்லாமல் வாக்கு தெரியாது. பின்னது இல்லாமல் அது எந்த மண்ணில் விழுந்தது என்று தெரியாது.